ஜாகாவின் பவுடர்

சுங்கை பட்டாணியில் எங்கள் அடுக்குமாடி வாசலைக் காத்த ஜாகா, முன்பு கல்குவாரியில் இருந்தவராம். கழுத்து நிறையப் பவுடர் பூசியிருப்பார். மிச்சத்தைக் காவல் கூண்டிலிருந்த கேரம் பலகையில் தட்டுவார்.

ஒருநாள் சுமத்ராவில் பூமி அதிர்ந்து எங்கள் கட்டடமும் ஆடியது. எட்டாவது மாடியிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தேன். அவர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உசுரு போவுது, உங்களுக்கு கேரமா?”

“இங்க பாருங்கக்கா.” துடைத்த பலகையில் ஒரு காயை விரலால் தள்ளினார். அது நகராமல் நின்று, சட்டென்று துள்ளியது. “பூமிக்கடியில பாறை சொரசொரப்பா இருந்தா இப்படித்தான். வருசக்கணக்கா புடிச்சி வெச்சிருந்துட்டு, ஒரேயடியா விட்டுடும்.”

பிறகு பவுடரைத் தட்டித் தள்ளினார். காய் மெல்ல வழுக்கிப் போனது. “இந்தப் பவுடரும் மாக்கல்லுதான். பாறை இடுக்குல இது இருந்தா, சத்தமில்லாம நழுவிடும்.”

“சுமத்ரா பக்கம் இது இல்லையா?”

“எல்லா எடத்துலயும் இருக்காது லா.”

மேலே போக எனக்குக் கால் வரவில்லை.

“ஏறுங்கக்கா. நான் கீழதானே இருக்கேன்.”

இப்போது அந்த வாசலில் தானியங்கிக் கதவு இருக்கிறது. மறுபடி ஆடியிருந்தால் அவரால் என்ன செய்திருக்க முடியும்? ஒன்றும் முடியாது. ஆனாலும் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அன்று எட்டு மாடியும் ஏறினேன்.