சீட்டுக்கு அடியில் ஒரு துண்டு வயர்

நாங்கள் குடியிருக்கும் இர்விங்கிலிருந்து வடமேற்கே ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்டினால் அந்தப் பண்ணை வரும். அதற்கு வெகு முன்பே நாற்றம் வந்துவிடும். கறிக்காக மாடுகளைக் கொழுக்க வைக்கும் இடம். கண்ணுக்கு எட்டியவரை கம்பிவேலிப் பட்டிகள். மரம் ஒன்றுகூடக் கிடையாது. காற்று மட்டும் ஓயாது.

தீவனம் அள்ளும் லோடர்களில் எடைக்கருவி பொருத்த எங்கள் கம்பெனி இரண்டு பேரை அனுப்பியிருந்தது. ஒன்று நான். இன்னொருவர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர், எங்கள் அப்பார்ட்மெண்டிலேயே மேல்வீடு. அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மனைவி நிறைமாத கர்ப்பிணி. "மெஷினக் கண்டா ஒட்டிக்குவாருங்க, கொஞ்சம் பாத்துக்கோ கண்ணு" என்று கிளம்பும்போது என்னிடம் சொல்லி அனுப்பினார்.

எந்த இயந்திரத்தின் பக்கத்தில் போனாலும் எது நகரும், எது அதை நிறுத்தும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொள்வேன். அங்கிருந்த பெரிய லோடர்கள் என்னைப் பயமுறுத்தவில்லை. பயமெல்லாம் சின்ன ஸ்கிட் லோடரிடம்தான். ஓராள் உட்காரும் கூண்டு, இரண்டு பக்கமும் இரும்புக் கைகள், கைகளின் முனையில் பக்கெட். ஏறுவதும் இறங்குவதும் முன்பக்கமாக. கைகளை ஏற்றி இறக்குவது காலால் மிதிக்கும் பெடல். இறங்கும்போது கால் தவறி அதில் பட்டால்? அதற்காகவே சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் எழுந்தால் கைகள் அசையாது.

வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத வண்டி. ஓட்டியவர் மெக்ஸிகோக்காரர். பின்னால் பார்க்க அவர் எழுந்து நின்றபோதும் பக்கெட் ஏறிக்கொண்டே இருந்தது. மதிய இடைவேளையில் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்திருந்தார்கள். ஆள் எழுந்தாலும் உட்கார்ந்திருப்பதாகவே வண்டி எடுத்துக்கொள்ளும்.

பண்ணை மேனேஜரிடம் சொன்னேன். எழுந்தால் நிற்கிற வண்டியை வைத்துக்கொண்டு எப்படி வேலை நடக்கும் என்று சிரித்தார்.

"நாம எடைமெஷின் மாட்ட வந்தவங்க அம்மணி. அவிங்க வண்டி, அவிங்க பாடு" என்றார் அண்ணா.

அவர் கவலை வேறு. அன்று காலையில் அந்த வண்டி ஒரு செத்த மாட்டை அள்ளிப்போனதைப் பார்த்திருந்தார். விறைத்த கால்கள் பக்கெட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"புது வண்டி. பூஜ போடாம பொணம் தூக்குது. வெளங்குமா? நாளைக்கு ஆயுத பூஜ வேற."

மனைவி கட்டிக்கொடுத்த குங்குமமும் கற்பூரமும் பையில் இருந்தன. எலுமிச்சம்பழமும் தேங்காயும் வழியிலேயே வாங்கியிருந்தார்.

மறுநாள் மதியம் ஓட்டுநரைச் சம்மதிக்க வைத்துவிட்டார். பக்கெட்டை உயர்த்தச் சொல்லி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே அதன் அடியில் குந்தி, முன்சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். தேங்காய்த் தட்டை வைத்தார். கரண்டியில் கற்பூரம் ஏற்றினார். காற்றில் அணைந்தது. மறுபடியும் அணைந்தது.

"அண்ணா, வெளிய வாங்க."

"பயந்தாங்கொள்ளி. இரு, பத்தட்டும்."

பயம் என்று சொன்னால் வரமாட்டார். "இந்தக் காத்துல எப்படிப் பத்தும்? கற்பூரம் அணைஞ்சுதுன்னு அண்ணிகிட்ட போய்ச் சொல்லட்டுமா? அங்க நிக்கிற பிக்கப் வண்டி மறைவுல ஏத்திட்டு வாங்க."

அண்ணி என்றதும் எழுந்து வந்தார். பிக்கப்பின் மறைவில் கற்பூரம் பற்றியது. கரண்டியைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பியவர், ஊரில் எல்லோரும் செய்வதையே செய்தார். ஓட்டுகிறவர் இறங்கி வந்து வண்டியைக் கும்பிட வேண்டும் அல்லவா?

"பாஸ்! யூ ஆல்சோ கம். கெட் டவுன், கெட் டவுன்!"

நான் வாயைத் திறப்பதற்குள் ஓட்டுநர் எழுந்துவிட்டார். பூட்ஸ் பெடலில் அழுந்தியது. பக்கெட் விழுந்தது.

தட்டு மண்ணுக்குள் போயிருந்தது. தேங்காய்த் தண்ணீர் புழுதியில் கொஞ்சம் பரவி நின்றது. பட்டியில் மாடுகள் தலைதூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் தீவனத்துக்குக் குனிந்தன. ஓட்டுநர் கூண்டுக்குள்ளேயே நின்று சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். அண்ணா கற்பூரம் எரிந்து முடியும்வரை கரண்டியைக் கீழே வைக்கவில்லை. பிறகு எஞ்சினை நிறுத்தச் சொல்லி, கட்டிங் பிளேயரோடு கூண்டுக்குள் போய் அந்த வயரை வெட்டி எறிந்தார்.

சாயங்காலம் மோட்டலிலிருந்து மனைவிக்குப் போன் பேசினார். "பூஜ ஆச்சு. அம்மணியும் கூடத்தான் இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

வேலை முடிந்து மறுநாள் கிளம்பினோம். கார் கேட்டைத் தாண்டுகையில் திரும்பிப் பார்த்தேன். குங்குமப் பொட்டோடு அந்த வண்டி சாணம் தள்ளிக்கொண்டிருந்தது. பின்னால் பார்க்க ஓட்டுநர் எழுந்து நின்றார். பக்கெட் நிற்கவில்லை, ஏறிக்கொண்டே போனது.

"அண்ணா, மறுபடியும் வயர் போட்டுட்டாங்க."

அவர் காரை நிறுத்தி, டிக்கியிலிருந்து பிளேயரை எடுத்துக்கொண்டு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். எங்களைக் கண்டதும், விடைபெற வருகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, ஓட்டுநர் முகம் மலர்ந்தது. தலைக்குமேல் பக்கெட் நிற்க, இறங்குவதற்காகச் சீட்டைவிட்டு எழுந்தார்.

"நோ! சிட்! சிட்!"

இருவரும் கத்தினோம். காற்று எங்கள் குரலை எங்கள் பக்கமே திருப்பி அடித்துக்கொண்டிருந்தது.