பட்டினி கிடந்தாலும் அடுப்பு அணையவில்லை

மூன்று வருடங்களுக்கு முன்பு, கந்த சஷ்டியன்று மாலை, திருத்தணி மலைக்கோயில் வரிசையில் நடந்தது இது. மற்ற ஊர்களில் அன்று சூரனை வதைப்பார்கள். எங்கள் முருகன் கோபம் தணிந்தவன் என்பதால் இங்கே சூரசம்ஹாரம் கிடையாது. புஷ்பாஞ்சலி என்று கூடை கூடையாகப் பூவைக் கொட்டுவார்கள்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிற உடம்பு என்னுடையது. அந்த வருடம் சஷ்டி விரதம் இருந்தேன். முதலில் ஒருவேளைச் சாப்பாடு, கடைசி இரண்டு நாள் வெறும் தண்ணீர். சாப்பாடே இல்லை, ஊசி மட்டும் எதற்கு என்று அதையும் நிறுத்திவிட்டேன். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்த கணவரை ஒரே பேச்சில் மடக்கினேன். வாயில் என்னை ஜெயிக்க ஆளில்லை.

கனகம்மாசத்திரத்தில் பஸ் ஏறும்போதே உடம்பு மிதந்தது. மலைமேல் வந்ததும் கால் தரையில் பட்டதாகவே நினைவில்லை. தாகம் எடுத்தது, மூச்சு பெரிது பெரிதாக வந்தது. மேளச்சத்தம் தூரத்தில் எங்கோ கேட்டது. பூவாசனைக்குள் நானே கரைந்துகொண்டிருந்தேன். முருகன் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். அவ்வளவு சுகமாக இருந்தது.

அப்போது பின்னால் நின்ற பெண் என் தோளைத் தொட்டார். இடுப்பில் பூக்கூடை.

"அக்கா, நீ ஊசி போட்டுக்கிற உடம்பா?"

"ஆங். விரதம்னு ரெண்டு நாளா போடல."

"உன் மூச்சுல பழம் அழுகின வாசன வருது. என் பொண்ணுக்கும் இப்டிதான் வந்துச்சி. வா, கீழ போலாம்."

பூ போட்டுவிட்டு வருகிறேன் என்று முரண்டு பிடித்தேன். அவர் கேட்கவில்லை. கையைப் பிடித்து வரிசையிலிருந்து இழுத்து, ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அதற்குமேல் எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது கையில் டிரிப்ஸ். டாக்டர் திட்டிவிட்டுத்தான் விளக்கினார். நாம் பட்டினி கிடந்தால் கல்லீரல் சும்மா இருக்காதாம். சேர்த்துவைத்த சர்க்கரையை முதலில் எடுத்துக் கொடுக்கும். அது தீர்ந்ததும் தசையிலிருந்து வருவதை வைத்துப் புதுச் சர்க்கரை செய்யும். சிறுநீரகமும் கூடமாட உதவும். பிறகு கொழுப்பை உருக்கி மூளைக்கே ஒரு மாற்று எரிபொருள் தயாரிக்கும். மற்றவர்களுக்கு உடம்பில் ஊறும் இன்சுலின் அந்த அடுப்பை அளவாக எரியவைக்கிறது. எனக்கு அது ஊசியில்தான். அதையும் நிறுத்தியதால் அடுப்பு கட்டுமீறி எரிந்து, ரத்தமே புளித்துப்போயிருக்கிறது. பழவாசனையும் மிதப்பும் அதனால் வந்தவை. இன்னும் கொஞ்ச நேரம் வரிசையில் நின்றிருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்றார்.

அந்தப் பெண் எங்கே என்று கேட்டேன். என் கணவர் வந்ததும் கிளம்பிவிட்டாராம். மகளுக்காக வேண்டிக்கொண்டு மத்தியானத்திலிருந்து வரிசையில் நின்றவர். அவர் என்னோடு ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் மேலே புஷ்பாஞ்சலி முடிந்துவிட்டது. அதைக் கேட்டு அழுதுவிட்டேன்.

இப்போது ஊசி போட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் மலையேறுகிறேன். முதல் அர்ச்சனை அந்தக் குழந்தைக்கு. குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்பார்.

"தெரியாதுங்க சாமி. அவங்க அம்மா என் பேரக்கூட கேக்கல" என்பேன்.

அவரும் பூவைப் போடுவார். பெயர் தெரியாத ஒரு பிள்ளை நன்றாயிருக்க வேண்டும் என்று கைகூப்பி நிற்கும் அந்த நிமிடம்தான், எனக்காக நான் வேண்டிக்கொண்ட எல்லா நிமிடங்களையும்விட நிறைவாக இருக்கிறது.