யோகேஸ்வரியின் பச்சைக் கஞ்சில்

சுங்கைப் பட்டாணியில் கார் பட்டறை வைத்திருக்கும் புவனேஸ்வரனுக்கு ஐம்பத்து மூன்று வயது. வாரம் முழுக்கப் பெரிய கார்களோடு மல்லுக்கட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கையடக்கக் கார்களோடு. பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, தேய்த்து, ஒட்டி, சாயம் அடித்து அச்சு அசல் காராக்கும் அந்தக் கிட்டுகளில் மனிதருக்கு அப்படியொரு பித்து. ஒரே ஒரு பிடிவாதம்: கிட்டில் இஞ்சின் இருந்தாக வேண்டும். இஞ்சின் இல்லாத கிட்டை யாராவது எடுத்து நீட்டினால், அழுகின தக்காளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

இப்பேர்ப்பட்டவர் போன மார்ச் மாதம் ஒரு காரியம் செய்தார். மனைவி யோகேஸ்வரி லூனாஸில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த நான்கு நாளில், அவளுடைய பழைய பச்சைக் கஞ்சில் காரை விற்றுவிட்டார். வாசலில் புதுக் காரை நிறுத்தி அவளை அசத்தப் போகிறாராம். பதினெட்டு வருஷமாக அந்தக் கஞ்சிலில்தான் அவள் தைத்த ரவிக்கைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

யோகேஸ்வரி சண்டை போடவில்லை. அதுதான் வினை. "சோறு மேசையில இருக்கு", "கேஸ் முடிஞ்சிருச்சு" என்ற அளவில் பேச்சு சுருங்கிப்போனது. புதுக் காரை ஓட்டினாள். நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. புவனேஸ்வரன் சிடாம் கிரிக்கு ஓடி, கஞ்சிலை வாங்கிய ஆளைப் பிடித்தார். அது அதற்குள் கைமாறி எங்கோ போய்விட்டிருந்தது. அவளை மறுபடி பேசவைக்க வழி கேட்டுப் போகிற இடமெல்லாம் புலம்பினார்.

"அதையே கிட்டுல செஞ்சு குடுங்களேன் அண்ணே" என்று யோசனை சொன்னவன் லியோனார்ட், கிட் கடைக்காரன். கஞ்சிலின் அதே உடம்புள்ள ஜப்பான் கார் ஒன்றின் கிட் அவனிடம் இரண்டு விதமாக இருந்தது. "இது நூத்தியெம்பது பீஸ். இஞ்சின் இருக்கு, பானெட் தொறக்கும். ஆனா உள்ள சீட்டெல்லாம் ஒரே கட்டி. இது அறுபது பீஸ்தான், இஞ்சின் கிடையாது. ஆனா டேஷ்போர்டு, ஜன்னல் கைப்பிடி எல்லாம் தனித்தனியா இருக்கு. அக்காவுக்கு எது புடிக்கும்னு கேட்டீங்களா?"

"கேக்கறதுக்கு என்னா இருக்கு? இஞ்சின் இல்லாதது ஒரு காரா லா?"

ஆறு வாரம் உட்கார்ந்தார். ஸ்பார்க் பிளக் ஒயர்களுக்குச் செம்புக் கம்பி இழை பிரித்தார். பேட்டரி முனையில் துருகூட வைத்தார். பச்சைச் சாயத்தை மூன்று முறை கலந்தார். எல்லாம் முடிந்ததும் பானெட்டைத் திறந்தபடியே அவளுடைய தையல் மிஷின்மேல் வைத்துவிட்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் மாதிரி ஓரமாக நின்றார்.

யோகேஸ்வரி வந்தாள். பானெட்டை மூடினாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"புள்ளையார் எங்க?"

"எந்தப் புள்ளையார்?"

"டேஷ்போர்டுல இருந்தாரே. கூரைத் துணியில குண்டூசி குத்தி வெச்சிருப்பேன், அதையும் காணோம். பதினெட்டு வருஷத்துல நான் ஒரு நாளாவது பானெட்டத் தொறந்து பாத்திருக்கேனா? இது உங்க காருங்க. என் காரு இல்ல."

மார்ச் மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். புவனேஸ்வரனுக்குச் சுருக்கென்றது. விற்றபோதும் கேட்கவில்லை, செய்தபோதும் கேட்கவில்லை. மறுநாள் பட்டறையைக்கூடத் திறக்காமல் லியோனார்ட் கடை வாசலில் போய் நின்றார். அறுபது பீஸ் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, தாளும் பேனாவுமாக அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"உள்ள என்னென்ன இருந்துச்சு, நீயே சொல்லு. எனக்கு ஒண்ணும் தெரியல."

அவள் கையிலிருந்த தையலை ஓரமாக வைத்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். கண்ணாடியில் தொங்கிய அளவு நாடா. பின் சீட்டில் ரவிக்கைப் பொட்டலங்கள். முன் சீட்டில் குங்குமம் கொட்டிய கறை.

"என் பக்கத்துக் கைப்பிடி ஒடஞ்சது. நாளைக்கு மாத்தறேன், நாளைக்கு மாத்தறேன்னு மூணு வருஷம் ஓட்டினீங்க. குறடு வெச்சுத்தான் கண்ணாடி எறக்குவேன். அதையும் எழுதுங்க."

எழுதினார். வேறு வழி? கிட்டில் அழகாக வார்த்திருந்த கைப்பிடியை மனமில்லாமல் பிளேடால் வெட்டி எறிந்தார். அரிசி அளவில் செய்த பிள்ளையாரை, தும்பிக்கை சரியில்லை என்று அவள் இரண்டு முறை திருப்பி அனுப்பினாள். பொட்டலங்களை வெட்டுத் துணியில் அவளே சுருட்டினாள். சுருட்டிக்கொண்டே தங்கை வீட்டு விசேஷத்தில் நடந்த கூத்தையெல்லாம் சொன்னாள். மூன்று மாதக் கதை பாக்கி இருந்தது. புவனேஸ்வரன் வேலையை வேண்டுமென்றே மெதுவாகச் செய்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கார் தயாரானது. யோகேஸ்வரி புதுக் காருக்குச் செய்வதுபோலவே பானெட்டில் விபூதியும் குங்குமமும் வைத்தாள். சக்கரத்தடியில் ஏற்றி நசுக்க ஒரு கஸ்தூரி எலுமிச்சையோடு வந்தாள்.

"ஏத்தினா சக்கரம் கழண்டுரும். சும்மா முன்னால வை" என்று பதறினார்.

வைத்தாள். பானெட்டின் நுனியை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். "இது தொறக்காதா?"

"தொறக்காது. உள்ள இஞ்சினே இல்ல." சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போனது.

"நல்லதாப் போச்சு" என்றாள் யோகேஸ்வரி, காரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு. "இஞ்சின் இல்லாத காரை உங்களால விக்க முடியாது."