தம்பி அனுப்பியதாக வந்த பார்சல்

இடம்பெயர்ந்து ஒட்டுசுட்டானில் இருந்தோம். வெளிநாடு போன என் தம்பியிடமிருந்து இரண்டு வருடமாகக் கடிதம் இல்லை. காண்பவர்களிடமெல்லாம் அவன் பெயரைச் சொல்லி விசாரிப்பேன்.

ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவர் சைக்கிளில் வந்தார். "அக்கா, உங்கட தம்பி குடுத்துவிட்டவர்," என்று அவன் பெயரையும் சொல்லிப் பார்சலைத் தந்தார். உள்ளே குளிக்கச் சவுக்காரமும் துடைக்கத் துவாயும் இருந்தன. தபால் ஒழுங்காக வராத காலம். சாமான்கள் இப்படித்தான் கைமாறி வரும். தேத்தண்ணி கொடுத்தேன். பார்சல் கிடைத்ததற்கு என்று ஒரு தாளை நீட்டினார். எழுத்துக்கூட்டி வாசிக்க வெட்கப்பட்டு, அப்படியே கையெழுத்து வைத்தேன். நிவாரண அட்டை இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை நிவாரணம் கொடுக்கும் சங்கக்கடையில் எனக்கு அரிசி தரவில்லை.

"பதிவை வேற ஊருக்கு மாத்தச் சொல்லி நீங்கள்தானே எழுதிக் குடுத்தனீங்கள்," என்றார் மனேச்சர்.

நான் ஊரெல்லாம் சொன்ன பெயரையே பார்சல் கொண்டுவந்தவன் எனக்குத் திருப்பிச் சொல்லி, என் அரிசியை வேறு ஊரில் எடுக்க அந்தத் தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறான். வீட்டில் மூன்று பிள்ளைகள். ஆனாலும் வெட்கத்தில் பேசாமல் போய்விட நினைத்தேன். பிறகு வரிசையைப் பார்த்துக் கேட்டேன்.

"சவுக்காரக் கட்டிக்கு ஏமாந்து கையெழுத்து வைச்சிட்டன். வேற ஆரும் வைச்சனீங்களோ?"



"எனக்கு மகன் அனுப்பினதெண்டு சீனி வந்தது, பிள்ளை. நானும் வைச்சனான்," என்றார் வரிசையின் கடைசியில் நின்ற ஒரு அம்மா.

இன்னும் இரண்டு பேர் தாங்களும் வைத்ததாகச் சொன்னார்கள். நான்கு பேரும் சேர்ந்து, ஊர்ப் பதிவுகளைப் பார்க்கும் விதானையாரிடம் போனோம். வாசிக்காமல் வைத்ததற்கு ஏசினார்.

"பிறகு ஏசுங்கோ. முதல் எங்கட பதிவை இஞ்ச மாத்துங்கோ," என்றேன்.

பல நாள் அலைந்த பிறகுதான் அரிசி கிடைத்தது.

இப்போது எவர் முன்னாலும் எழுத்துக்கூட்டி வாசித்த பிறகே கையெழுத்து வைக்கிறேன். தம்பியை விசாரிப்பதை மட்டும் விடவில்லை. ஒரு கள்ளனுக்காக அதை விட முடியாது.