பெரியப்பா தவறவிட்ட படகுகள்

எனக்கு ஒன்பது வயதில் வந்த கோடை விடுமுறை முழுவதும் எறணாகுளத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கழிந்தது. காயலுக்கு அக்கரையில் இருந்த மட்டாஞ்சேரி வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து பெரியப்பா இடுப்பெலும்பை முறித்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் செய்து தகடு வைத்த டாக்டர், ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதைப் பெரியப்பா ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமே! அவருக்கு அப்போதே மறதி தொடங்கியிருந்தது.

அரை மணிக்கு ஒருமுறை போர்வையை விலக்கிவிட்டு, ஆத்துக்குப் போகணும் என்று வீட்டு நினைப்பில் எழப் பார்ப்பார். கால் முறிந்த கதையைப் பெரியம்மா சொல்வாள். "ஐயோ, எப்போ?" என்று புதிதாகக் கேட்பவர்போல அதிர்ந்து அழுவார். ஒரு நாளில் பத்துத் தடவையாவது அந்தக் கால் முறிந்தது. எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை.

ஒருநாள் பெரியம்மா சாயா வாங்கப் போயிருந்த நேரம். அவர் எழ முயன்றதும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "மட்டாஞ்சேரி போட் இன்னும் வரல்லே, பெரியப்பா."

"வந்தா சொல்லு, கேட்டியாடீ" என்று படுத்துக்கொண்டார். முப்பது வருஷம் ஐலண்டு ஆபீசுக்குப் படகில் போய்வந்தவர். படகுத்துறையில் காத்திருப்பது அவருக்கு ஒரு கஷ்டமே இல்லை. அன்றிலிருந்து எல்லோரும் அதையே சொன்னார்கள்; வீட்டில் எனக்கு ஏக மரியாதை.

ஆறு வாரம் கழிந்ததும் டாக்டர் கட்சி மாறினார். இனி தினமும் நடந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் படுத்த படுக்கைதான் என்றார். நர்ஸ் சேச்சி வாக்கரைக் கொண்டுவந்து வைத்தாள். பெரியப்பா அசையவில்லை. கேட்டுக் கேட்டு என் பொய் ஒன்று மட்டும் அவருக்குள் படிந்துவிட்டிருந்தது. "போட் வரட்டும்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"போட் வந்துடுத்து, பெரியப்பா!" என்று கத்தினேன்.

எழுந்துவிட்டார். "மெல்லெ, சாமீ, மெல்லெ" என்று சேச்சி தாங்கிப் பிடிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு வராந்தாவின் கடைசிவரை நடந்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

"எங்கேடீ?"

"போயிடுத்து."

பெரியம்மா சந்தோஷத்தில் அழுதாள். பெரியப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் வேகமா வந்திருக்கணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டு வாரம் தினமும் காலையில் கத்தினேன். நாளுக்கு நாள் வேகமாக நடந்தார். கடைசியில் தன் காலாலேயே வீட்டுப்படி ஏறினார். இந்தச் சாமர்த்தியத்தை உறவுக்காரர்களிடம் வருஷக்கணக்கில் அளந்திருக்கிறேன். மறதிக்காரர்தானே, மத்தியானத்துக்குள் மறந்துவிடுவார் என்பதுதான் என் சமாதானம். மறந்துபோனதால்தான் அவர் அந்தப் படகை ஒவ்வொரு நாளும் முதல் தடவையாகத் தவறவிட்டார் என்பதும், ஒவ்வொரு தடவையும் தன் காலையே நொந்துகொண்டார் என்பதும் அப்போது எனக்குப் புரியவில்லை.