கையெழுத்துக்கு முன்னால் ஜெபம்

என் அண்ணனுக்கு என்மேல் பாசம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனுக்குப் பாசமெல்லாம் என் சர்ட்டிபிகேட் மேல்தான். பார்மசி படித்துப் பதிவு பெற்ற ஆள் இல்லாமல் மருந்துக்கடைக்கு லைசென்ஸ் கிடையாது. படித்தவள் நான். பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நின்ற காலிலேயே பதினெட்டு வருஷத்தை ஓட்டியவள். ‘சர்ட்டிபிகேட்டை மட்டும் வாடகைக்குக் கொடுங்க, கடைப்பக்கமே வரவேண்டாம்’ என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். சுவரில் என் பெயர் தொங்கும். கீழே எவனோ டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை விற்பான். மாட்டிக்கொண்டால் போலீஸ் என் வீட்டுக்கு வரும். ஒருத்தருக்கும் கொடுத்ததில்லை.

அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதிவைத்துவிட்டுப் போன கடை ஒன்று மெயின் ரோட்டில் பூட்டிக் கிடந்தது. அண்ணன் வந்து உட்கார்ந்து, “ஏட்டி, அங்கன மருந்துக்கடை போடுவோம். நீயும் நானும் சமம்” என்றான். ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் ஒரு வக்கீலிடம் போய்ப் பங்குதாரர் பத்திரம் எழுதி வாங்கினேன். இரண்டு பேரும் சமப் பங்கு. நான் பார்க்காமல் சீட்டு மருந்து வெளியே போகக்கூடாது. நான் விலகினால் என் சர்ட்டிபிகேட்டும் அன்றைக்கே என்னோடு வந்துவிட வேண்டும். இந்தக் கடைசி வரியை நான் சொல்லிச் சேர்த்தேன்.

பத்திரம் மூன்று வாரம் அண்ணன் வீட்டு பிரிட்ஜ் மேல் கிடந்தது. கேட்கப் போனால் மதினி காப்பியை வைத்துவிட்டு, “கூடப்பொறந்தவன்ட்ட போயி பத்திரம் கேக்குதியே, நாலு பேரு என்ன சொல்லுவாக?” என்பாள். அண்ணன் இன்னும் சாமர்த்தியம். “மொதல்ல ஜெபம், பொறவு கையெழுத்து. அப்பா காலத்துலேருந்து நம்ம வீட்டு வழக்கம் அதுதான, மறந்துட்டியாட்டி?”

மறக்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. எங்கள் வீட்டில் கல்யாணமோ வீடோ, ஜெபம் நடக்காமல் எதிலும் பேனா வைக்கமாட்டார்கள். ஜெபம் நடந்தபிறகு நிபந்தனை பேசினால் அவிசுவாசி என்று பெயர். இது தெரிந்தும் சரி என்றேன். அதற்கு மேல் ஒரு முட்டாள்தனம்: ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கோயில் வாசலில் வைத்து, லைசென்ஸுக்கு என்று அவன் நீட்டிய காகிதங்களில் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, சர்ட்டிபிகேட்டையும் கொடுத்தேன். வக்கீலிடம் வரி வரியாகச் சண்டை போட்டவளுக்கு அன்றைக்குப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை.

திறப்பு நாள் காலையில் கடைக்குள் நுழைந்ததும் சுவரைப் பார்த்தேன். என் சர்ட்டிபிகேட்டைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். பக்கத்திலேயே லைசென்ஸ். உரிமையாளர் என்ற இடத்தில் அண்ணன் பெயர் மட்டும். என் பெயர் கீழே, மருந்தாளுநர். அதாவது வேலைக்காரி.

“அண்ணே, என்ன இது?”

“பைய பேசு. ஐயர் வந்துட்டாரு.” எங்கள் சபைப் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்லுவோம்.

“பிரிட்ஜ் மேல கெடந்த பத்திரம் இப்ப என் பையில இருக்கு. இப்பவே கையெழுத்துப் போடு.”

“ஜெபம் முடியட்டும்” என்று சொல்லி வந்தவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இவன் செத்தாலும் கையெழுத்துப் போடமாட்டான் என்று தெரிந்துபோயிற்று.

ஐயர் ஜெபம் ஆரம்பித்தார். அவர் எப்போதுமே நீளமாக ஜெபிப்பவர். கடைக்குள்ளும் வாசலிலுமாக அத்தனை பேரும் கண்ணை மூடித் தலைகுனிந்து நின்றார்கள். அண்ணன் மற்றவர்களைவிட இறுக்கி மூடியிருந்தான். நான் பைய ஸ்டூலில் ஏறி, சட்டத்தைக் கழற்றி, கட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். பயமாக இருக்கவில்லை. ஜெபத்தில் கண்ணைத் திறந்திருக்கிறோமே என்றுகூடத் தோன்றவில்லை.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தவர்களுக்கு முன்னால் ஆணி மட்டும் இருந்தது.

“கையெழுத்துப் போடு, திரும்ப மாட்டுதேன்” என்றேன். பத்திரத்தையும் பேனாவையும் கல்லாமேசையில் வைத்தேன். ஐயர் ஒன்றும் புரியாமல் வேதப்புத்தகத்தை மூடினார். அண்ணன் முகம் கறுத்துவிட்டது.

“கொண்டு போ, ஏட்டி. ஒன் ஒருத்திட்டதான் இருக்காக்கும்? வாடகைக்கு ஆயிரம் சர்ட்டிபிகேட் கெடைக்கும்.”

மூன்று வாரமாக மூடி வைத்திருந்தது அவன் வாயாலேயே வந்துவிட்டது.

“கெடைக்கும். ஆனா இந்தச் சுவத்துல பாதி எனக்கு. ஆணி யாரு பாதியில இருக்குன்னு கோர்ட்டுல பாத்துக்கிடுவோம்.”

அதன்பிறகு பேச்சு கிடையாது. கடை ஷட்டரில் அவன் பூட்டு ஒன்று, என் பூட்டு ஒன்று. நான் பழைய ஆஸ்பத்திரிக்கே வேலைக்குப் போகிறேன். பஸ் அந்த வழியாகத்தான் போகும். ஜெபம் பண்ணின கடையை மூடவைத்தவள் என்று சபையில் பாதிப்பேர் என்னிடம் முகம் கொடுப்பதில்லை. கொடுக்காமல் போகட்டும்.

போன மாதம் பாகப்பிரிவினை கேட்டு அண்ணனின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதில் என்னைச் ‘சம பங்குள்ள கூட்டு உரிமையாளர்’ என்று எழுதியிருந்தார்கள். கீழே வக்கீல் கையெழுத்துக்குப் பக்கத்தில் அண்ணனின் கையெழுத்து, அழுத்தமாக, முழுப்பெயரோடு. இந்த ஒரு வரிக்கும் இந்த ஒரு கையெழுத்துக்கும்தானே அவன் வீட்டுக்கு மூன்று வாரம் நடந்தேன்.