மோட்டாரை ஆஃப் பண்ணிட்டியா?

இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "ஊருக்கே தெரிஞ்சதுதானே, எழுது. பேர் மட்டும் போடாத" என்றார். முதல் தடவை நான் கேட்கவில்லை. வந்த வம்பெல்லாம் அதனால்தான்.

அக்கா என்றால் சொந்த அக்கா இல்லை. நாங்கள் வேலை பார்க்கும் சிறுசேரி ஆபீஸுக்குத் தாம்பரம் மேற்கிலிருந்து ஒரு கம்பெனி பஸ் போகிறது. அதில் இடது பக்கம் மூன்றாவது சீட்டில் ஆறு வருடமாக ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். சீட்டில் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் புதிதாக யாராவது உட்கார்ந்துவிட்டால் டிரைவர் அண்ணாவே, "மேடம், அது அவுங்க சீட்டு. பின்னால காலியா கீது பாருங்க" என்று எழுப்பிவிடுவார். அக்கா என்னைவிட ஏழு வயது பெரியவர். வேறு டீம்தான், ஆனால் மத்தியானச் சாப்பாடு சேர்ந்துதான்.

நான் ஒரு செயலியில் புனைபெயரில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். என் கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவரும் ஒரு வரி படித்ததில்லை. மறைத்ததற்குக் காரணம், அது காதல் கதை. முப்பத்தெட்டு வயதில், எட்டாவது படிக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு, ஒரு மேனேஜரின் சிரிப்பைப் பத்து வரி வர்ணிக்கிறாள் என்று தெரிந்தால் என் சொந்த மேனேஜர் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

கதை ரொம்பச் சாதாரணம். ஒரு ஆபீஸில் டீமின் லீவ் கணக்கை எக்ஸெல் ஷீட்டில் வைத்திருப்பவள் கதாநாயகி. 'காரணம்' என்ற இடத்தில் எல்லோரும் காய்ச்சல், சொந்த வேலை என்று போடுவார்கள். உண்மைக் காரணத்தை அவளிடம் மட்டும் வாய்விட்டுச் சொல்வார்கள். அந்த அசடு அதையெல்லாம் பக்கத்தில் ஈ என்ற நெடுவரிசையில் எழுதி, ஹைடு பண்ணி வைத்திருப்பாள். புது மேனேஜர் முதல் மீட்டிங்கில் ஷீட்டைப் பெரிய திரையில் போட்டுவிட்டு, "டி-க்கு அப்புறம் எஃப் வருதே, ஈ எங்க?" என்று கேட்டு ஒரு க்ளிக்கில் திறந்துவிடுவார். அத்தனை பேர் ரகசியமும் திரையில். புதன்கிழமைக்கு ஒரு அத்தியாயம், அத்தியாயத்துக்கு ஒருவர் ரகசியம், நடுநடுவே மேனேஜருக்கும் அவளுக்கும் காதல்.

வாசகர்கள் வந்தார்கள். வந்தார்கள் என்றால், என் கணிப்பைவிட நிறையவே வந்தார்கள். "சூப்பர் எபி சிஸ்", "அடுத்த யூடி எப்போ?" என்பவைதான் பாதி; அங்கே எபி என்றால் அத்தியாயம், யூடி என்றால் அடுத்த பகுதி. ஒருவர் எதுவும் எழுதாமல் ரோஜாப்பூ மட்டும் போடுவார். ஒரு அம்மாள் என் எழுத்துப் பிழைகளை வரிசையாகப் பட்டியல் போட்டுக் கடைசியில் 'அன்புடன்' என்று முடிப்பார். ஒருவர், "இவ்வளவு நல்ல மேனேஜர் எந்தக் கம்பெனியில் இருக்கிறார், ரெஸ்யூம் அனுப்பணும்" என்று கேட்டிருந்தார். முடி நட்டுக்கொள்ள லீவ் போட்டவரின் அத்தியாயத்துக்கு, "என் வீட்டுக்காரரும் இப்படித்தான் திருப்பதி போனதாகச் சொன்னார்" என்று ஒரு பெண் எழுதியதை நான் சமையலறையில் நின்று நாலு தடவை படித்துச் சிரித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போதைதான் அது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தாலும் கை போனைத்தான் தேடியது.

மூன்றாவது அத்தியாயம் வந்த மறுநாள் பஸ்ஸில் அக்கா போனை நீட்டினார். "இந்தக் கதை படிக்கிறியா? நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கு."

"இல்லக்கா, எனக்கு எங்க நேரம்" என்றேன்.

அதன்பின் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அக்கா எனக்கு என் கதையைச் சொல்வார். வண்டலூரில் ஆரம்பித்தால் மாம்பாக்கம் தாண்டும்போது முடிப்பார். நானும் "அப்படியா?", "அய்யய்யோ, அப்புறம்?" என்று கேட்டுக்கொள்வேன். "எழுதுறவளுக்கு நல்ல கை. ஆனா ஏன் பேரை மறைச்சிருக்கான்னுதான் தெரியல" என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட பெருமை எனக்கு.

இங்கே அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காலையில் பஸ்ஸில் எல்லோரும் வீட்டுக்குப் போன் பேசுவார்கள். பிள்ளை கிளம்பினானா, மாமியார் மாத்திரை போட்டாரா என்று. அக்காவும் பேசுவார், கணவரோடு. "மோட்டாரை ஆஃப் பண்ணிட்டீங்களா? டேங்க் வழியப்போகுது. பாலை ஃப்ரிட்ஜுல வெச்சிடுங்க. சரி, சரி, கதவை இழுத்துப் பார்த்துட்டுக் கிளம்புங்க." தினமும் இதுதான். அவர் கணவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் "மோட்டாரை ஆஃப்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, காதில் வைத்திருந்த அந்தப் போன் மணியடித்தது. சத்தமாக. அக்கா திடுக்கிட்டு எடுத்தார். கேஸ் சிலிண்டர் போடுபவர். "இன்னாம்மா, வூட்ல ஒர்த்தரும் இல்லியா? பூட்டு தொங்குது" என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. பஸ்ஸின் ஏசி சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை.

அக்கா போனை மடியில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். கணவர் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. படப்பையில் வேறு வீடு. அங்கே யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "எல்லாரும் வீட்டுக்குப் பேசுறப்போ நான் மட்டும் சும்மா உக்காந்திருந்தா கேப்பாங்க. ஒண்ணுக்குப் பதில் சொன்னா அடுத்தது கேப்பாங்க. அதுக்கு இது சுலபம்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கண் கலங்கியது உண்மை. அதில் நடிப்பில்லை.

கொஞ்சம் கழித்து அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உன்கிட்ட ஏதாவது இருக்கா, சொல்றதுக்கு?"

"என்கிட்ட என்னக்கா இருக்கு? வீடு, ஆபீஸ், தோசை மாவு" என்றேன்.

இது நடந்து ஒரு மாதத்துக்குள் என் கதை படுத்துவிட்டது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பன்னிரண்டு பேர் ரகசியத்தைக் கற்பனை செய்துவிட்டேன், பதின்மூன்றாவது வரவில்லை. "அரைச்ச மாவையே அரைக்கிறீங்க சிஸ்" என்று ஒருவர் எழுதினார். ரோஜாப்பூக்காரர்கூட வரவில்லை. அந்தப் புதன்கிழமை நான் அக்காவின் போனை எழுதினேன்.

அப்படியே எழுதவில்லை, மாற்றித்தான் எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவை ஆணாக்கினேன். கல்யாணமே ஆகாத நாற்பது வயதுக்காரர், மனைவி இருப்பதாகப் பாவனை செய்து தினமும் போனில் பேசுகிறார். காதில் இருக்கும்போதே மணியடிக்கிறது. கூரியர்காரர் கூப்பிடுகிறார். ஊர், வயது, வேலை எல்லாம் வேறு. ஆனால் அவர் மனைவியிடம் என்ன பேசுவார் என்ற இடம் வந்தபோது நான் எழுதிப் பார்த்த எதுவும் ஒட்டவில்லை. "மோட்டாரை ஆஃப் பண்ணிட்டியா?" என்று போட்டேன். ஆள் உயிரோடு எழுந்து உட்கார்ந்தார். அதை எடுக்க மனம் வரவில்லை.

அதுவரை எழுதியதில் அதற்குத்தான் அதிகச் சிரிப்பு. கருத்துப் பெட்டி முழுக்கச் சிரித்துக் கண்ணீர் விடும் முகங்கள். அடுத்த வாரம் காதலர்கள் ஊடல் கொண்டாலும் கீழே "மோட்டாரை ஆஃப் பண்ணிட்டியா?" மேனேஜர் மழையில் நனைந்தாலும் "மோட்டாரை ஆஃப் பண்ணிட்டியா?" ஒரே ஒருவர் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார். "சிரிச்சேன். அப்புறம் அந்த ஆள் வீட்டுக்குத் திரும்பிப் போறதை நினைச்சேன். நிஜமாவே மோட்டார் ஓடிக்கிட்டிருந்தா யார் நிறுத்துவாங்க?" தேனிப் பக்கம் யாரோ, என் கதைக்குப் புதியவர். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்த எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அந்த அத்தியாயம் வந்த மறுநாள், வியாழக்கிழமை, அக்கா கதையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வண்டலூர் வந்தது. வழக்கம்போல் போனை எடுத்தார். அப்போது கடைசி சீட்டிலிருந்து குரல் வந்தது. பெருங்களத்தூரில் ஏறும் இரண்டு பெண்கள், பொத்தேரியில் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒருத்தி தண்ணீர் பாட்டிலைக் காதில் வைத்துக்கொண்டு, "மோட்டாரை ஆஃப் பண்ணிட்டியா?" என்றாள். மற்றவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா போனைத் திரும்பக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

அன்றே அத்தியாயத்தில் மோட்டாரை எடுத்துவிட்டு, 'கேஸை மூடிட்டியா' என்று மாற்றினேன். வாசகர்கள் கொதித்தார்கள். "எங்க மோட்டார் எங்கே?" என்று நாற்பது பேர். பழைய பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருந்தவர்கள் அதைப் பரப்பினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? முன்பு பஸ்ஸில் இரண்டு பேருக்குத் தெரிந்த வசனம், ஒரே வாரத்தில் எங்கள் மாடி கேன்டீனில் கேட்டது.

நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் தாம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், வேகவைத்த சோளம் விற்கும் வண்டி அருகே அக்காவை நிறுத்தினேன்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் கதை..."

"நீ எழுதுறது. தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மூணாவது எபிலேர்ந்து. க்ளிப் உடைஞ்ச டிபன் பாக்ஸைப் பழைய ஐடி கார்டு கயிறால கட்டி எடுத்துட்டு வர்றா உன் கதாநாயகி. அப்படிக் கட்டுறவ இந்த உலகத்துல நீ ஒருத்திதான். தினமும் உன் எதிர்லதானே உக்காந்து சாப்பிடுறேன்."

"ஏன்க்கா கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். வாரா வாரம் கதையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நீ அய்யய்யோ, அப்புறம்னு கேட்டுக்கிட்டிருந்த." அக்காவின் குரல் உயரவேயில்லை. "அன்னைக்கு கேஸ்காரர் போன் வந்துச்சே. போன் மக்கர் பண்ணுதுன்னு எதையாவது சொல்லி என்னால சமாளிச்சிருக்க முடியும். சொல்லல. இவகிட்டயும் ஒண்ணு இருக்கு, நம்மகிட்டயும் ஒண்ணு இருக்கு, நாம முதல்ல சொன்னா அவளும் சொல்லுவான்னு நினைச்சேன்."

மன்னிச்சிடுங்க என்றேன். எத்தனை தடவை என்று ஞாபகமில்லை. சோளக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, மழை வர்ற மாதிரி இருக்கு, கிளம்பு" என்று சொல்லிவிட்டு அக்கா நடந்தார். அவர் என் ரகசியத்தை மூன்று மாதம் பத்திரமாக வைத்திருந்தார். ஆபீஸில் ஒரு ஆளுக்குக்கூடச் சொல்லவில்லை. அவர் ரகசியம் என்னிடம் ஒரு மாதம் தாங்கவில்லை.

மறுநாள் அதே பஸ், அதே சீட். அக்கா வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். வண்டலூர் தாண்டும்போது பின்னாலிருந்து அதே வசனம், அதே சிரிப்பு. அக்கா எழுந்து, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றார்.

"மோட்டாரை நான்தாம்மா ஆஃப் பண்ணணும். வீட்டுல வேற ஆள் இல்ல" என்றார்.

கோபமில்லை, அழுகையில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். அந்தப் பெண் பாட்டிலைக் கீழே வைத்தாள். டிரைவர் அண்ணா கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுச் சாலைக்குத் திரும்பினார். அக்கா உட்கார்ந்து புடவையைச் சரி செய்துகொண்டார். என்னைப் பார்க்காமலே, "இதையும் எழுதிக்கோ" என்றார்.

எழுதவில்லை. மேனேஜருக்கும் அவளுக்கும் அவசரமாகக் கல்யாணம் பண்ணிவைத்துக் கதையை முடித்தேன். "இவ்வளவு சீக்கிரம் முடிச்சிட்டீங்களே சிஸ்" என்று வருந்தினார்கள். ரோஜாப்பூ திரும்பி வந்தது. இரண்டு வருடம் ஆகிவிட்டது, இன்றும் மாதத்துக்கு ஒருவராவது மோட்டாரை விசாரிக்கிறார்கள்.

அந்த வசனத்தை இப்போது பஸ்ஸில் சொல்ல முடியாதவள் நான்தான். காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடிவருகிறேன், கணவர் குளிக்கப் போய்விடுகிறார். வண்டலூரில் ஞாபகம் வந்தாலும் போனை எடுப்பதில்லை. டேங்க் வழிந்து மாடிப்படியெல்லாம் தண்ணீர் என்று கீழ்வீட்டுக்காரர் வாரத்துக்கு இரண்டு தடவை சண்டைக்கு வருகிறார்.

அக்கா இன்னும் என் பக்கத்தில்தான் உட்காருகிறார். சண்டை போட்டு வேறு சீட்டுக்குப் போயிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இன்று காலையும் பேசினார். மாம்பாக்கத்தில் மறுபடி பள்ளம் தோண்டியிருக்கிறார்கள் என்றார். கேன்டீன் சாம்பாரில் உப்பு அதிகம் என்றார். வெயிலைச் சொன்னார். சொல்லி முடித்து ஜன்னல் பக்கம் திரும்பினார். எனக்குத் தாங்கவில்லை.

"அப்புறம்? வேற என்னக்கா?" என்றேன்.

"வேற என்ன?" என்றார். "வீடு, ஆபீஸ், தோசை மாவு."